கூப்பிட்டது யார்?

சளி டப்பாவின் மூடியைத் திறந்ததும் முதலில் நிறத்தைப் பார்ப்பேன். வெள்ளையா, மஞ்சளா, பச்சையா, துருப்பிடித்த ஆணியின் நிறமா? அடுத்து, கம்பி வளையத்தில் எடுக்கும்போது தண்ணீராக வழிகிறதா, நூலாக இழுபடுகிறதா என்று பார்ப்பேன். 1990இல் தென் மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 2022இல் ஓய்வு பெறும்வரை என் காலைப்பொழுது இப்படித்தான் விடிந்தது. வரும் டப்பாக்களில் பெரும்பாலானவை காசநோய்ப் பரிசோதனைக்கானவை. மீதியில் சில, நிமோனியா என்று சந்தேகப்பட்டு வார்டிலிருந்து அனுப்பியவை. நான் சொல்லப்போவது அந்தச் சிலவற்றைப் பற்றி.

கண்ணாடி ஸ்லைடில் சளியை மெல்லிசாகத் தேய்த்துக் காயவைத்து, ஸ்பிரிட் விளக்கின் தீயில் மூன்று முறை காட்டி எடுப்போம். ஊதாச் சாயம் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், அசிட்டோனில் ஒரு சில நொடி, கடைசியில் சிவப்புச் சாயம். இதுதான் கிராம் சாயமுறை. ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டேனிஷ் மருத்துவர் 1884இல் பெர்லினில் வெளியிட்டது. சிவப்புச் சாயம் பின்னால் மற்றவர்கள் சேர்த்தது. நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் துண்டுகளில் கிருமியைத் தனியாக அடையாளம் காண வழி தேடித்தான் அவர் இந்த முறைக்கு வந்தார். இன்று சிறுநீர், சீழ், தண்டுவட நீர் என்று எல்லாவற்றுக்கும் பயன்படும் இந்தச் சாயம் நுரையீரலுக்காகப் பிறந்தது என்பது எனக்கு வேலையில் சேர்ந்து பல வருடம் கழித்துத்தான் தெரியும். தெரிந்த நாளில் என் சாயக் குப்பிகள் மீது தனியாக ஒரு மரியாதை வந்தது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி எளிமையானது. குறைந்த பெருக்கத்தில் ஒரு பார்வை வட்டத்தில் பஸ் செல், அதாவது சீழணு, 25க்கு மேல் இருக்க வேண்டும். எபிதீலியல் செல் 10க்குக் குறைவாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் அது நெஞ்சிலிருந்து வந்த சளி. எபிதீலியல் செல் அதிகம் என்றால் நோயாளி காறாமல் துப்பியிருக்கிறார், வந்திருப்பது எச்சில். திருப்பி அனுப்ப வேண்டியதுதான். பொரித்த அப்பளத்தின் உடைந்த துண்டுகளைப் போல அகலமாக, மூலை மடிந்து, நடுவில் ஒரு சிறு புள்ளியோடு கிடக்கும் அந்த வாய்ச்செல்களைப் பார்த்தாலே எனக்கு அலுப்பு வரும். சீழணுதான் என் ஆள். மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்த கருவோடு, வட்டமாக, படை படையாக நிற்கும். பாடப்புத்தகத்தில் அதற்கு நியூட்ரோஃபில் என்று பெயர். சீழணு நிறைந்த இடத்தில் கிருமியைத் தேடு, இல்லாத இடத்தில் தேடாதே. இருபது வருடம் இந்த விதியை நம்பித்தான் வேலை பார்த்தேன்.

2009இல் அந்த விதி ஒரு பையனிடம் பொய்த்தது.

பதினேழு வயது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளாகக் கடும் காய்ச்சல், மூச்சு வாங்கல். வந்த சளியைச் சாயம் போட்டுப் பார்த்தேன். சீழணு ஒன்றுகூட இல்லை. ‘மாதிரி தகுதியற்றது, மீண்டும் அனுப்பவும்’ என்று எழுதிவிட்டேன். மார்பு எக்ஸ்ரேயும் ஏறக்குறைய சுத்தமாகத்தான் இருந்ததாம். எங்கள் நுண்ணுயிரியல் பிரிவின் மூத்த மருத்துவர் மாலையில் ரிப்போர்ட்டுகளைப் புரட்டியவர், அந்தத் தாளில் நின்றார். ஸ்லைடை வாங்கி ஆயில் விட்டுப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள், எண்ண முடியாத அளவுக்கு. அவற்றைச் சுற்றி ஓர் அணுவும் இல்லை. ஆளில்லாத ஊரில் புகுந்த கூட்டம் போல இருந்தது.

அவர் வார்டுக்குப் போன் செய்து பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “இந்தப் பிள்ளைக்கு ரத்தத்துலயே வெள்ளணு இல்லம்மா. அப்புறம் சளியில எங்கேர்ந்து வரும்? நுரையீரல் தொண்டை கிழியக் கூப்பிட்டிருக்கும். வர்றதுக்குத்தான் ஆள் இல்லை.”

கோபம் அந்தக் குரலில் இல்லை. ஆனால் அன்று வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ராத்திரி முழுக்க அந்தப் பிள்ளைக்கு மருந்து தள்ளிப்போயிருக்கும், என் ஒரு வரியால். மருந்தை மாற்றினார்கள், கூடவே வெள்ளணு எண்ணிக்கையை ஏற்றும் ஊசியும் போட்டார்கள். ஒரு வாரத்தில் ரத்தத்தில் எண்ணிக்கை ஏறியது. வேடிக்கை என்னவென்றால், எண்ணிக்கை ஏறிய பிறகுதான் எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு பெரிதாகத் தெரிந்தது. வீட்டார் பயந்துபோனார்கள். மருத்துவரோ, “வந்துட்டாங்க” என்றார். எக்ஸ்ரேயில் நாம் நிமோனியா என்று பார்க்கும் அந்த வெண்மையில் பெரும்பங்கு நம்முடைய சொந்த அணுக்களும், அவற்றோடு கசிந்து வந்த நீரும்தான். பிள்ளை பிழைத்தான்.

“நுரையீரல் கூப்பிட்டிருக்கும்” என்ற அந்தச் சொல் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. நுரையீரலில் எது கூப்பிடும்? எப்படிக் கூப்பிடும்? மருத்துவரிடம் கேட்டேன். அவர் சொல்லவும் செய்தார், படிக்கவும் கொடுத்தார். அன்று தொடங்கிய படிப்பு ஓய்வுக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சீழ் எங்கிருந்து வருகிறது என்பதே ஒரு காலத்தில் பெரிய வழக்கு. பெர்லினில் ருடால்ஃப் விர்ச்சோ என்ற மாமேதை, புண் உள்ள இடத்துச் சதையின் செல்களே பெருகிச் சீழணு ஆகின்றன என்று நினைத்தார். அவரிடமே வேலை பார்த்த யூலியஸ் கோன்ஹைம் 1867இல் ஒரு தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை மைக்ராஸ்கோப்பின் கீழே விரித்து, உட்கார்ந்து பார்த்தார். சவ்வு அழற்சியில் சிவக்கச் சிவக்க, ரத்தக்குழாயில் ஓடிக்கொண்டிருந்த வெள்ளணுக்கள் வேகம் குறைந்து, குழாயின் உட்சுவரோடு ஒட்டி, சுவரைத் துளைத்து வெளியே வந்தன. சீழணு என்பது ரத்தத்திலிருந்து இறங்கி வந்த வெள்ளணு. இதைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்தார். அவருக்கு முன்பும் ஓரிருவர் பார்த்ததுண்டு. வழக்கைத் தீர்த்தது அவருடைய எழுத்து.

எங்கிருந்து வருகிறது என்பது தீர்ந்தது. யார் கூப்பிட்டு வருகிறது என்பதற்கு இன்னும் 120 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1987இல் அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் தனித்தனியே வேலை செய்த ஆய்வாளர்கள் ஒரு சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். நியூட்ரோஃபிலை எந்தப் பக்கம் இந்தப் புரதம் அதிகமோ அந்தப் பக்கமாக நடக்கவைக்கும் புரதம் அது. இன்று அதற்கு இன்டர்லூக்கின்-8 என்று பெயர். வெள்ளணுக்களை வளர்த்த திரவத்தில்தான் முதலில் கிடைத்தது. ஆகவே ஒரு வெள்ளணு இன்னொரு வெள்ளணுவைக் கூப்பிடுகிறது என்று கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. அடுத்த சில வருடங்களிலேயே நுரையீரலின் உட்சுவரில் பதிந்திருக்கும் செல்களும் அதே புரதத்தைச் சுரப்பது தெரியவந்தது. அந்தச் சுவர்ச் செல்லின் பெயர் என்ன தெரியுமா? எபிதீலியல் செல்.

வாயில் உதிர்ந்து என் ஸ்லைடைக் கெடுக்கும் தட்டைச் செல்லும் இதுவும் ஒன்றல்ல. பெயரும் குலமும்தான் பொது. ஆனாலும் படித்ததும் நெஞ்சுக்குள் ஏதோ தட்டியது. இருபது வருடம் ‘குப்பை’ என்று ஒதுக்கிய பெயரில்தான், நான் தேடித் தேடி எண்ணிய சீழணுவைக் கூட்டிவந்த செல் இருந்திருக்கிறது.

அந்தச் செல் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் இரண்டு நுரையீரலிலும் சேர்த்துச் சராசரியாக 48 கோடி காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் குறைந்தது 70 சதுர மீட்டர், 750 சதுர அடி வீட்டின் தரை அளவு. அந்தத் தரையில் 95 சதவீதத்தை மூடியிருப்பவை முதல் வகைச் செல்கள். ஈரப் பாலித்தீன் போல அவ்வளவு மெல்லியவை. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் மொத்தத் தடுப்புமே பல இடங்களில் தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்குதான். ஆக்சிஜன் கடந்துபோக வேண்டுமே, தடித்த சுவர் கட்டினால் மூச்சு முட்டும்.

மூலைகளில், சுவர் சேரும் இடங்களில், உருண்டையாக உட்கார்ந்திருப்பவை இரண்டாம் வகைச் செல்கள். பரப்பில் 5 சதவீதம்தான் அவற்றுக்கு. எண்ணிக்கையில் முதல் வகையை விட அதிகம். நுண்ணறை ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து நிற்கத் தேவையான வழுவழுப்புத் திரவத்தைச் சுரப்பது இவைதான். குறைமாதக் குழந்தைக்கு மூச்சுத் திணறுவது இந்தத் திரவம் போதாமல்தான். அண்டைச் செல் செத்தால், இதுவே பெருகி முதல் வகையாக மாறி ஓட்டையை அடைப்பதும் உண்டு. ஒரே வீட்டில் சமையல், கொத்துவேலை, காவல் மூன்றையும் பார்க்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு வருடத்தில் சளியில் நான் அடையாளம் கண்டு எழுதிய ஓர் இரண்டாம் வகைச் செல்கூட இல்லை. அது இடத்தை விட்டு நகராது.

நாளொன்றுக்கு நாம் இழுக்கும் காற்று 10,000 லிட்டருக்கு மேல். அதில் தூசியும் வரும், கிருமியும் வரும். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் என்ற கிருமி நம் தொண்டையிலேயே குடியிருக்கலாம், தூக்கத்தில் எச்சிலோடு ஒரு துளி கீழே இறங்கவும் செய்யும். ஒவ்வொரு கிருமிக்கும் இரண்டாம் வகைச் செல் ஊரைக் கூட்டினால் நுண்ணறை என்றும் சீழாகவே கிடக்கும். அதனால் அங்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது. நுண்ணறைக்குள் ரோந்து சுற்றும் மேக்ரோஃபேஜ் என்ற பெருவிழுங்கி முதலில் கையாளும். ஓரிரண்டு கிருமி என்றால் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். கிருமி பெருகி அதன் கைமீறினால், டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 என்ற அவசரச் செய்திகளைக் கக்கும். பக்கத்துச் சுவரில் இருக்கும் எபிதீலியல் செல் அதைப் பிடித்துக்கொண்டு, பல மடங்காக்கிக் கூவும்.

இதை அழகாகக் காட்டிய ஒரு பழைய ஆய்வு உண்டு. நுரையீரல் எபிதீலியல் செல்களைத் தட்டில் வளர்த்து, பாக்டீரியாவின் உறையிலிருந்து எடுத்த நச்சை நேராக ஊற்றினார்கள். இன்டர்லூக்கின்-8 வரவில்லை. மேக்ரோஃபேஜ் விடும் செய்திப் புரதத்தை ஊற்றினார்கள், கொட்டோ கொட்டென்று கொட்டியது. தனியாகப் பதறாமல், காவல்காரன் சொன்ன பிறகு ஊரைக் கூட்டுகிறது. எல்லாச் சமயத்திலும் எல்லாச் செல்லும் இப்படி இல்லை. கிருமியை நேரே தொட்டு உணரும் டோல் வகை உணரிகளும் சுவர்ச் செல்களிடம் உண்டு. நீந்தும் கிருமியின் வால் புரதத்தைக் கண்டால் அவை நேராகவே கிளம்பும். ஆனாலும் அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்தது.

செய்தி வந்ததும் செல்லுக்குள் என்ன நடக்கிறது? என்எஃப்-கப்பா-பி என்று ஒரு புரதம். ஆன்டிபாடி மரபணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்த ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் 1986இல் இதைக் கண்டறிந்து சொன்னார்கள். சாதாரண நாளில் இன்னொரு புரதம் அதைக் கட்டிப்பிடித்தபடி செல்லின் திரவத்திலேயே வைத்திருக்கும். அவசரச் செய்தி செல்லின் மேற்பரப்பைத் தட்டியதும் கட்டிப்பிடித்திருந்த புரதம் சிதைக்கப்படும். விடுபட்டது கருவுக்குள் ஓடி, குறிப்பிட்ட மரபணுக்களின் முன்னால் உட்காரும். இன்டர்லூக்கின்-8 தயாராகத் தொடங்கும். அதன் உறவுக்காரப் புரதங்கள் சிலவும் கூடவே வரும். ஒரு சில மணி நேரத்தில் நுண்ணறை முழுக்க அழைப்பு.

இதோடு இன்னொரு குரலும் போகிறது. அது தூரத்துக்கு. சுவர்ச் செல்களும் மேக்ரோஃபேஜும் ரத்தக்குழாயின் செல்களும் ஜி-சிஎஸ்எஃப் என்ற புரதத்தை விடுகின்றன. ரத்தத்தில் ஏறி எலும்பு மஜ்ஜைக்குப் போய், ‘இருப்பில் உள்ளதை அனுப்பு, புதிதாகவும் செய்’ என்கிறது அது. சாதாரண நாளிலேயே நம் மஜ்ஜை 10,000 கோடி அளவில் நியூட்ரோஃபில்களைச் செய்கிறது. தொற்றில் இன்னும் கூடும். அவசரத்தில் கரு மடல் பிரியாத இளசுகளையும் அனுப்பிவிடும். ரத்தப் பூச்சில் அந்த வளைந்த கருவைப் பார்த்தால் உள்ளே பெரிய தொற்று என்று நாங்கள் குறித்துக்கொள்வோம். 2009இல் அந்தப் பையனுக்குப் போட்ட ஊசி என்னவென்று நினைக்கிறீர்கள்? தொழிற்சாலையில் செய்த இதே ஜி-சிஎஸ்எஃப். அவன் நுரையீரல் போட்ட கூப்பாட்டைத்தான் மருத்துவர்கள் ஊசியில் உரக்கத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

கூப்பிட்டாயிற்று. வருவது சுலபமா? மற்ற உறுப்புகளில் வெள்ளணு சற்று அகன்ற சிறு நாளத்தின் சுவரில் உருண்டு, ஒட்டி, வெளியேறும். கோன்ஹைம் தவளையில் பார்த்தது அதைத்தான். நுரையீரலில் கதை வேறு. அங்கே வெளியேறும் இடம், மிக நுண்ணிய தந்துகிகள். சராசரி விட்டம் 5, 6 மைக்ரான். நியூட்ரோஃபிலுக்கோ 7, 8 மைக்ரான். அது ஒவ்வொரு முறை நுரையீரலைக் கடக்கும்போதும் உடலைப் பட்டாணியிலிருந்து கொத்தவரங்காயாக நீட்டித்தான் போக வேண்டியிருக்கிறது, ஒரு பயணத்தில் ஐம்பது தந்துகித் துண்டுகளைத் தாண்டி. அதனால் சிவப்பணு வேகமாக ஓடிவிட, நியூட்ரோஃபில் பின்தங்கி நிற்கும். நோயில்லாத நாளிலும் நுரையீரலின் தந்துகிகளில் ஒரு பட்டாளம் எப்போதும் நின்றுகொண்டிருப்பது இதனால்தான்.

சுவர்ச் செல் விட்ட இன்டர்லூக்கின்-8 மெல்லிய தடுப்பைத் தாண்டி ரத்தக்குழாயின் உட்புறத்தில், அங்குள்ள சர்க்கரை இழைகளில் தொங்கும், வாசலில் கட்டிய தோரணம் போல. பக்கத்தில் நெளிந்து போய்க்கொண்டிருக்கும் நியூட்ரோஃபிலின் உணரியில் அது படுகிறது. உடனே அணுவுக்குள் ஆக்டின் என்ற இழைகள் அடுக்கடுக்காகக் கோத்துக்கொண்டு உடம்பே விறைக்கிறது. விறைத்தால் நெளிய முடியாது. நெளிய முடியாவிட்டால் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். கூப்பிட்ட வீட்டு வாசலிலேயே வண்டி நிற்கிறது! நான் படித்தவற்றில் இதைப் போல என்னை அசரவைத்தது வேறில்லை.

பிறவியிலேயே நியூட்ரோஃபிலின் ஒட்டுப் புரதம் இல்லாத குழந்தைகள் மிக அரிதாக உண்டு. தொப்புள்கொடி விழ வாரக்கணக்கில் ஆகும். புண் வந்தால் சீழே கட்டாது. ரத்தத்தில் வெள்ளணு குவிந்து கிடக்கும், வெளியேற மாட்டாமல். ஆனால் விலங்குகளில் அந்த ஒட்டுப் புரதத்தை மருந்தால் தடுத்துவிட்டு நுரையீரலில் நிமோகாக்கஸை விட்டபோது, நியூட்ரோஃபில்கள் நுண்ணறைக்குள் வந்தே சேர்ந்தன. தோலில் தேவைப்பட்ட பசை இங்கே தேவைப்படவில்லை. கிருமி மாறினால் பாதையும் மாறுகிறது. வேறு சில கிருமிகளுக்கு அந்தப் பசை வேண்டியிருக்கிறது.

வாசலில் நின்றது, ரத்தக்குழாய்ச் செல்கள் சேரும் மூலையில் நுழைந்து, அடியிலுள்ள சவ்வின் சிறு இடைவெளி வழியே, முதல் வகையும் இரண்டாம் வகையும் சேரும் சந்தில் காற்றறைக்குள் எட்டிப்பார்க்கும். பிறகு நான் ஸ்லைடில் பார்க்கும் காட்சிதான். ஊதா நிறத்தில் ஜோடி ஜோடியாக, இரட்டை அரிசிமணி போல நிமோகாக்கஸ், அதை விழுங்கி நிற்கும் சீழணு. விழுங்கியதைக் கொல்ல அது சலவைத்தூளின் அமிலத்தையே உள்ளுக்குள் காய்ச்சுகிறது. அந்த வேலைக்கான மைலோபெராக்சிடேஸ் என்ற நொதியின் நிறம் பச்சை. சளி பச்சையாவது அதனால்தான். ‘பச்சையா வருது, ஆன்டிபயாடிக் குடுங்க’ என்று மருந்துக்கடையில் கேட்பவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. அந்தப் பச்சை கிருமியின் நிறமன்று, நம் ஆட்களின் நிறம். வைரஸ் சளிக்கும் ஆட்கள் வருவார்கள், அப்போதும் பச்சையாகும். நிறத்தை மட்டும் பார்த்து மருந்து முடிவு செய்ய முடியாது.

சில நியூட்ரோஃபில்கள் சாகும்போது தம் டிஎன்ஏவையே வலையாக வீசிக் கிருமியைச் சிக்கவைக்கின்றன. இதை 2004இல் கண்டவர்களும் பெர்லினில் உள்ள ஓர் ஆய்வகத்தார்தான். செத்த அணுக்களிலிருந்து சிந்தும் இந்த டிஎன்ஏதான் சீழ்ச்சளியை என் கம்பி வளையத்தில் நூலாக இழுபடவைத்தது.

2018 மார்கழியில் ஒரு சளி டப்பா என் மேசைக்கு வந்தது. மேலே ஒட்டியிருந்த பெயர் என் அம்மாவுடையது.

அம்மாவுக்கு அப்போது 74. இருபது வருடச் சர்க்கரை. முந்தின நாள் ராத்திரி பல் கிட்டும் குளிர், வலது விலாவில் குத்து, காலையில் துருநிறச் சளி. ஆட்டோவில் நான்தான் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து சேர்த்தேன். சர்க்கரை கூடிய ரத்தத்தில் நியூட்ரோஃபிலின் நடை தளர்ந்துவிடும். வயதானால் திசை பிடிக்கும் திறமையும் குறையும். கூப்பாடு சரியாக இருந்தாலும் வருகிறவர் தடுமாறுவார். அது தெரிந்ததால்தான் ஸ்லைடை வைக்கும்போது என் கை நடுங்கியது. வட்டம் முழுக்கச் சீழணு. நான் அழுதேன். சீழணுவைப் பார்த்து நிம்மதியில் அழுத மகள் வேறு யாரும் இருப்பார்களா என்று தெரியாது. அம்மாவின் நுரையீரல் கூப்பிட்டிருக்கிறது, ஆள் வந்திருக்கிறது.

ஆனால் வந்தவர்களே வினையாகிவிடும் நேரமும் உண்டு. இரண்டாம் நாள் ஆக்சிஜன் 88க்கு இறங்கியது. அணுக்கள் நுழைந்த சந்துகளில் நீரும் புரதமும் கசிந்து நுண்ணறைகள் நிரம்பின. கிருமியைக் கொல்ல விட்ட நொதி சுவரையும் அரிக்கும். கூப்பாடு நிற்காமல் போனால் இரண்டு நுரையீரலும் ஊறிப்போய் வென்டிலேட்டர் வரைக்கும் போகும். கிருமியையும் கொல்ல வேண்டும், படையையும் அடக்க வேண்டும். மருத்துவத்துக்கு இது மிகச் சிக்கலான இடம். ஸ்டீராய்டு கொடுத்து அழைப்பைத் தணிக்கலாமா என்று பல காலமாக வாதம் இருந்தது. 2023இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த சுமார் 800 கடும் நிமோனியா நோயாளிகளைப் பார்த்தார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் பெற்றவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 6.2 சதவீதம். பெறாதவர்களில் 11.9 சதவீதம். அந்த ஸ்டீராய்டு அடக்கும் விசைகளில் ஒன்று, நான் மேலே சொன்ன என்எஃப்-கப்பா-பி. யாருக்கு, எப்போது என்பது மருத்துவர் படுக்கையருகே நின்று முடிவு செய்ய வேண்டிய விஷயம். இன்ஃப்ளூயன்ஸாவால் வந்த நிமோனியாவை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. வீட்டில் இருக்கும் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ள இது அனுமதி ஆகாது.

அம்மாவுக்கு ஆன்டிபயாடிக்கும் ஆக்சிஜனும் போதுமானதாக இருந்தது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. இதே நிமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசி நம் நாட்டில் 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல் எல்லா மாநிலக் குழந்தைகளுக்கும் அரசு செலவிலேயே கிடைக்கத் தொடங்கியது. ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம். அது உண்டாக்கும் ஆன்டிபாடி, வழுக்கும் உறை போர்த்திய இந்தக் கிருமியை நியூட்ரோஃபில் பிடிக்கத் தோதாகக் கைப்பிடி வைத்துக் கொடுக்கிறது. பேரக்குழந்தைக்குப் போட்டாயிற்றா என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்கிறேன். பெரியவர்களுக்கும் இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆறாம் நாள் அம்மாவின் சளியை மறுபடி வாங்கினேன். யாரும் கேட்கவில்லை, எனக்காகத்தான். இந்த முறை கிராம் சாயத்தோடு லீஷ்மன் சாயமும் போட்டேன். சீழணு குறைந்திருந்தது. பெரிய பெரிய மேக்ரோஃபேஜ்கள் வந்திருந்தன. அவற்றின் வயிற்றில் செத்த நியூட்ரோஃபில்கள், சுருங்கிக் கருத்த உருண்டைகளாக. சாகும் நியூட்ரோஃபில் தன் மேற்பரப்பில் ‘என்னை எடுத்துக்கொள்’ என்று ஒரு கொழுப்புக் குறியை வெளியே திருப்பி வைக்கும். மேக்ரோஃபேஜ் அதை விழுங்கிய பிறகு பழைய அவசரச் செய்திகளை நிறுத்திவிட்டு, அமைதிப்படுத்தும் செய்திகளை விடத் தொடங்கும். சந்தை கலைந்த மைதானத்தைப் பெருக்குவது போல அந்த ஸ்லைடு இருந்தது.

டிஸ்சார்ஜ் சீட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் அம்மா தானாகவே சுவரைப் பிடித்துக்கொண்டு ஆய்வகம் வரைக்கும் வந்துவிட்டாள்.

“ஏட்டி, என் கோழைல அப்படி என்னத்தட்டி பாக்க?”

ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்து கொடுத்தேன். இந்தக் கட்டுரையில் எழுதியதில் பாதியை அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். நோய்க்காரப் பயலுக ஊதா, அவங்களைப் பிடிக்க வந்தவங்க சிவப்பு, செத்தவங்களை எடுத்துப்போட வந்தவங்க இந்தப் பெரிசு. சுவரில் இருந்து ஒருத்தி கூப்பிட்டதால்தான் இவ்வளவு பேரும் வந்தது.

அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“கூப்பிட்டவ எங்கட்டி இருக்கா?”

“அவ இதுல தெரியமாட்டாம்மா. இன்னும் உள்ளதான் இருக்கா. சுவர்ல விழுந்த ஓட்டையை அடைச்சிட்டு இருப்பா.”

அம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை. வலது கை மட்டும் மெல்ல உயர்ந்து, குத்து இருந்த விலாவின் மேல் படிந்தது.